ஜாடிப் பாம்புக்குச் சரியான பெயர் வைப்பது எப்படி? கிலுகிலுப்பைப் பாம்பை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முதுகலை விலங்கியல் படித்தபோது, அருங்காட்சியக அறையின் பழைய ஜாடிகளுக்குப் புது லேபிள் எழுதும் வேலை எனக்கு வந்தது. அதில் ஒரு ஜாடியில் 'கண்ணாடி விரியன்' என்று எழுதியிருந்தது. எனக்கு முன்னால் எத்தனையோ வருட மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் கண்ணாடி விரியனின் படம் வரைந்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டியிருக்கிறார்கள். நானும் செதில்களை எண்ணி, கணக்கு ஒத்துப்போகிறது என்று அதே பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அது நம் நாட்டுப் பாம்பே இல்லை. வால் நுனியில் இருக்கும் கிலுகிலுப்பையை யாரோ வெட்டி எடுத்துவிட்ட, தென் அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பு (rattlesnake).

நிலக்கடலைக் காட்டிலும் நெல் வயலிலும் கண்ணாடி விரியன் கடித்து ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கும் ஊர் இது. இங்கே படிக்கிற பிள்ளைகள் தவறான முகத்தைப் பார்த்து அந்தப் பாம்பைக் கற்றுக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் துறையிலும் பெயர் சந்தேகமான விரியன் ஜாடி இருந்தால், நான் சுற்றிய சுற்றை நீங்கள் சுற்ற வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஜாடியில் இருக்கும் செத்த பாம்புக்கான வழிகாட்டி மட்டும்தான். உயிரோடு பாம்பு வீட்டுக்குள் வந்தால் தள்ளி நின்று தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் பாம்பைத் தேடி நேரத்தைப் போக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

1. ஜாடியைத் தொடும் முன் தாள் வேலை

துறைத்தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த ஜாடி, என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை நாள், உடன் யார் இருப்பார்கள் என்ற நான்கு விஷயம் போதும். கையெழுத்துப் போட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். எனக்கு இது கிடைக்கவே இரண்டு வாரம் ஆனது. உள்தேர்வு நேரத்தில் போய்க் கேட்டது என் தவறு. செமஸ்டர் தொடங்கிய முதல் மாதத்தில் கேளுங்கள்.

அப்புறம் ஸ்டாக் ரெஜிஸ்டர். இப்போது புழங்கும் ரெஜிஸ்டரைக் காட்டிவிட்டு 'இவ்வளவுதான்' என்பார்கள். அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது எங்கே என்று கேளுங்கள். பீரோவின் அடித்தட்டில், கரையான் அரித்த அட்டையோடு கிடக்கும். ஜாடியின் எண்ணும் ரெஜிஸ்டரின் எண்ணும் ஒத்துப்போகாது. இடையில் யாரோ புது எண் கொடுத்திருப்பார்கள். ஆகவே எண்ணை வைத்துத் தேடாதீர்கள். 'பாம்பு', 'விரியன்' என்று வருகிற எல்லா வரிகளையும் தேதியோடு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேப் அண்ணனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இது இங்கதாம்மா இருந்துச்சு, ஆனா வேற ஷெல்ஃபுல" என்று எங்கள் அண்ணன் சொன்ன அந்த ஒரு வரிதான் பிற்பாடு கை கொடுத்தது.

பழைய லேபிளைக் கிழிக்காதீர்கள். தவறாக இருந்தாலும் அது ஒரு ஆவணம்.

2. பொருள்களும் செலவும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நைட்ரைல் கையுறை, வெள்ளை டிரே, நீளமான இடுக்கி, குண்டூசி, தையல் நூல், அளவுகோல், ஈரத்துணி, சின்ன டார்ச். டிரேயும் இடுக்கியும் துறையிலேயே கிடைக்கும். மற்றவற்றை வாங்கியதற்கும் ஜெராக்ஸுக்கும் சேர்த்து எனக்கு 1,100 ரூபாய் ஆனது. லென்ஸில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். விளிம்பில் காட்சி வளைந்து தெரியும் மலிவு லென்ஸை வைத்து எண்ணியதால் ஒரு மாலை முழுக்க எனக்கு வீணானது.

ஜாடியில் இருப்பது ஃபார்மலினா, ஸ்பிரிட் என்கிற ஆல்கஹாலா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்ததும் கண் எரிந்தால் ஃபார்மலின். அப்படியானால் ஜன்னல்களைத் திறந்துவைத்து, பாம்பை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, மறுநாள் வேலை செய்யுங்கள். அதை 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்றுவதாக இருந்தால் 30, 50, 70 என்று படிப்படியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரேயடியாகப் போட்டால் உடல் சுருங்கிவிடும். ஸ்பிரிட்டைக் கடையில் போய் வாங்க முடியாது. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும். கல்லூரிக்கு அந்த அனுமதி பெரும்பாலும் இருக்கும். வேதியியல் துறையில் விசாரியுங்கள்.

எந்த மாதம் செய்வது என்பதும் முக்கியம். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். வேலூர் வெயிலில் டிரேயில் வைத்த பாம்பு அரை மணி நேரத்தில் காய்ந்து, செதில் உரியத் தொடங்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல காலம். அப்போதும் ஈரத்துணியைப் போர்த்தி, எண்ணும் இடத்தை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்க்குள் விரலை விடாதீர்கள். ஜாடிக்குள் எத்தனை வருடம் இருந்தாலும் நச்சுப்பல் ஊசியாகத்தான் இருக்கும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் இடுக்கியால் திறங்கள்.

3. எண்ணும் முன் குழியைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

விரியன் குடும்பத்தில் நமக்கு வேண்டிய பெரிய பிரிவுகள் இரண்டு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் குழி இல்லாதவை. குழிவிரியன்களுக்குக் கண்ணுக்கும் நாசிக்கும் நடுவில், வெப்பத்தை உணரும் ஒரு குழி இருக்கும். நம் மலைகளில் இருக்கும் மூங்கில் குழிவிரியனுக்கும் உண்டு, அமெரிக்கக் கண்டங்களில் இருக்கும் கிலுகிலுப்பைப் பாம்புகள் எல்லாவற்றுக்கும் உண்டு.

இவ்வளவு சுலபமான அடையாளத்தை நான் எப்படித் தவறவிட்டேன்? கண்ணாடி விரியனின் நாசித்துளை மிகப் பெரியது. ஜாடியில் இருந்த பாம்பின் முகத்தில் ஒரு பெரிய ஓட்டையைப் பார்த்தேன். 'ஆமாம், நாசி பெரிதாகத்தான் இருக்கிறது' என்று டிக் போட்டுவிட்டேன். நான் நாசி என்று நினைத்தது குழி. நிஜமான நாசி அதற்கு முன்னால், அழுக்கு அடைத்துக்கொண்டு கண்ணுக்கே தெரியாமல் இருந்தது.

ஆகவே ஓட்டையின் அளவைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு துளித் தண்ணீர் விட்டு மென்மையான பிரஷ்ஷால் முகத்தைத் துடையுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, நுனியை மெல்லச் சீவி, ஓட்டையின் வாயில் தொட்டுப் பாருங்கள். நான் இரண்டாம் முறை பார்த்தபோது ஈர்க்கு நுனி மூக்குப் பக்கம் ஒரு முறை இறங்கியது. கண்ணுக்கு முன்னால், கொஞ்சம் கீழே, இன்னொரு முறை இறங்கியது. கடுகு போகும் அளவு ஓட்டை. உள்ளே மெல்லிய சவ்வு இருக்கும், அழுத்தக் கூடாது. ஒரு பக்கத்தில் கண்ணைத் தவிர இரண்டு ஓட்டை என்றால் அது குழிவிரியன். லேபிள் என்ன சொன்னாலும் கண்ணாடி விரியன் இல்லை. அன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு நான் டிரேயை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

4. வால், தலை, கழுத்து

வாலில் கிலுகிலுப்பை இருந்தால் வேலை பாதி முடிந்தது. நகம் போன்ற கெரட்டின் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்தது போல இருக்கும். தோல் உரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் சேரும். வருடத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு வயது எழுதிவிடாதீர்கள். ஒரே வருடத்தில் பல முறை உரிக்கும், நுனி உடைந்தும் போகும்.

கிலுகிலுப்பை இல்லை என்பதால் கிலுகிலுப்பைப் பாம்பு இல்லை என்று ஆகாது. நினைவுப் பொருளாக வெட்டி எடுத்துக்கொண்டு போவது பழைய பழக்கம். வால் நுனியை லென்ஸில் பாருங்கள். கண்ணாடி விரியனின் வால் மெலிந்து கூராக முடியும். வெட்டிய வால் தடிமனாக, சதை தெரிய நிற்கும்.

அடுத்து உச்சந்தலை. கிலுகிலுப்பைப் பாம்புகளில் இரண்டு பேரினம் உண்டு. உச்சியில் பெரிய ஒன்பது தட்டுகள் இருந்தால் சிஸ்ட்ரூரஸ். சின்னச் சின்னச் செதில்களாக நிரம்பி, மூக்கின் மேல் மட்டும் சில பெரிய தட்டுகள் இருந்தால் குரோட்டலஸ். வெப்பமண்டலக் கிலுகிலுப்பைப் பாம்பான குரோட்டலஸ் டியூரிசஸில் மூக்கின் மேல் அப்படிப் பெரிய தட்டுகள் இரண்டு ஜோடி வழக்கமாகத் தெரியும்.

இந்த இனக்கூட்டத்தைக் காட்டிக்கொடுப்பது கழுத்துதான். தலையின் பின்புறத்திலிருந்து இரண்டு கருங்கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் கிளம்பி, தலையின் நீளத்தைப் போல ஒன்றிலிருந்து நான்கு மடங்கு வரை ஓடும். அதன் பிறகுதான் முதுகில் வெளிர் விளிம்பு கொண்ட டைமன் கட்டங்கள் ஒரே வரிசையாகத் தொடங்கும். கண்ணாடி விரியனுக்கு முதுகில் சங்கிலி போல மூன்று வரிசை வட்டங்கள். ஃபார்மலினில் இரண்டும் ஒரே பழுப்பாகிவிடும் என்பதால் காய்ந்த நிலையில் பார்க்காதீர்கள். தண்ணீருக்குள் அமிழ்த்தி, மேலிருந்து வெளிச்சம் விழும்படி பாருங்கள். கோடு எழுந்து வரும்.

இன்னும் இரண்டு அடையாளம். முதுகெலும்பின் மேல் தோல் கூரை முகடு போல உயர்ந்திருக்கும், நடு முதுகுச் செதில்கள் ஒவ்வொன்றிலும் தடித்த வரம்பு. விரலால் தடவினால் கையுறை மாட்டிக்கொள்ளும். வால் பெரும்பாலும் ஒரே கருமையாக இருக்கும். வாலில் கருப்பு வெள்ளை வளையம் பளிச்சென்று இருந்தால் அது வட அமெரிக்காவின் குரோட்டலஸ் அட்ராக்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம்.

5. செதில் எண்ணுவது

மூன்று கணக்கு வேண்டும். மூன்றையும் மூன்று தனி மாலைகளில், முந்தைய தாளைப் பார்க்காமல் எண்ணுங்கள்.

நடுவுடல் வரிசை: முகத்திலிருந்து மலவாய் வரை நூலால் அளந்து, சரிபாதியில் குண்டூசி குத்துங்கள். அங்கே வயிற்றுச் செதிலை விட்டுவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை சாய்வாக எண்ணுங்கள். கண்ணாடி விரியனுக்கு 27 முதல் 33. டியூரிசஸுக்கு 27, 29 என்பது சாதாரணம். புரிகிறதா? என் பாம்புக்கு 29 வந்தது. இரண்டு பெயருக்கும் பொருந்தும் எண். அதை நம்பித்தான் ஏமாந்தேன்.

வயிற்றுச் செதில்: இருபுறமும் முதல் வரிசை முதுகுச் செதில் தொடும் இடத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள். மலவாயை மூடும் தட்டைச் சேர்க்கக் கூடாது. பத்துக்கு ஒரு குண்டூசி வையுங்கள். எனக்கு 172. இதுவும் இரண்டுக்கும் பொருந்தும்.

வால் அடிச் செதில்: உண்மையைச் சொன்னது இதுதான். கண்ணாடி விரியனுக்கு நாற்பதுக்கு மேல் வரும், அதோடு இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும். கிலுகிலுப்பைப் பாம்புக்கு இருபது, முப்பது அளவில் நின்றுவிடும், பெரும்பாலும் பிரியாமல் முழுதாக இருக்கும். எனக்கு 27 வந்தது. 'வால்தான் அறுந்திருக்கிறதே, மீதி போயிருக்கும்' என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எண்ணிக்கை குறைந்ததற்கு அறுந்த வால் காரணமாகலாம். செதில்கள் பிரியாமல் இருப்பதற்கு அது எப்படிக் காரணமாகும்? அதை நான் யோசிக்கவில்லை. பொருந்தாத ஒரு அடையாளம் வந்தால் அதற்குக் காரணம் கற்பிக்காமல், தாளில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள்.

6. எந்த ஊர் பாம்பு?

இனம் வரை போக ஊர் தெரிந்தாக வேண்டும். மெக்சிகோவிலிருந்து கோஸ்டா ரிக்கா வரை இருப்பவை குரோட்டலஸ் சைமஸும் அதன் நெருங்கிய உறவுகளும். பனாமாவில் கிலுகிலுப்பைப் பாம்பே கிடையாது. கொலம்பியாவிலிருந்து அர்ஜென்டினா வரை, அடர்காட்டை விட்டுப் புல்வெளிகளில் இருப்பது டியூரிசஸ். உருவத்தை மட்டும் வைத்து சைமஸையும் டியூரிசஸையும் பிரிக்கப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் படம் எடுத்து வைத்திருந்த மிகப் பழைய ரெஜிஸ்டரில், 'வெளிநாட்டு விலங்குகள்' என்ற பகுதியில், 'பாம்பு, 1, டெமராரா' என்று ஒரு வரி இருந்தது. 'வேற ஷெல்ஃபுல இருந்துச்சு' என்று அண்ணன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. டெமராரா என்பது தென் அமெரிக்காவில் இன்றைய கயானாவின் ஒரு பகுதி. சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் ஆட்கள் போய் இறங்கிய ஊர். அங்கிருந்து யார் கையில் இது வந்ததோ, அந்த வரியில் அதற்கு மேல் எதுவும் இல்லை.

ஆனால் ரெஜிஸ்டரில் இருக்கும் ஊர் பெரும்பாலும் கப்பல் ஏற்றிய துறைமுகமாகத்தான் இருக்கும், பிடித்த இடமாக இருக்காது. 'கயானா, துல்லியமான இடம் தெரியவில்லை' என்று எழுதினால் போதும்.

7. பெயர் எழுதும்போது

வகைப்பாட்டை மேலிருந்து எழுதுங்கள்: விரியன் குடும்பமான வைப்பரிடே, குழிவிரியன் துணைக்குடும்பமான குரோட்டலினே, பேரினம் குரோட்டலஸ், இனம் டியூரிசஸ். பெயர் வைத்தவரும் ஆண்டும்: லின்னேயஸ், 1758. இதற்கு அடைப்புக்குறி போடக் கூடாது, அவர் முதலிலேயே குரோட்டலஸ் பேரினத்தில்தான் வைத்தார். கண்ணாடி விரியனான தபோயா ரஸ்ஸெலிக்கு ஷா, நாடர், 1797 என்பதை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும், ஏனென்றால் பிறகு பேரினம் மாறியது. வைவாவில் இதைக் கேட்பார்கள்.

பழைய நூல்களைப் பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. 2004இல் கேம்பெல், லமார் என்ற பாம்பு ஆய்வாளர்கள் பிரிக்கும் வரை, 'குரோட்டலஸ் டியூரிசஸ் டியூரிசஸ்' என்று எழுதினால் அது மத்திய அமெரிக்கப் பாம்பு. இன்றைக்கு அதுதான் சைமஸ். தென் அமெரிக்கப் பாம்பை 'டெரிஃபிகஸ்' என்று தனி இனமாகவே எழுதிய காலமும் உண்டு. 2020இல் மெக்சிகோவிலிருந்து இந்தக் கூட்டத்தில் இன்னும் இரண்டு புது இனங்கள் பிரிந்தன. நூலகத்தில் இருக்கும் நூல் எந்த ஆண்டு அச்சானது என்று பார்த்துவிட்டுப் பெயரை எடுங்கள். இன்றைய பெயரைச் சரிபார்க்க ரெப்டைல் டேட்டாபேஸ் தளம் இருக்கிறது, காசு கிடையாது.

துணை இனம் எழுத ஆசை வரும். கயானாவின் ருபுனூனிப் புல்வெளியிலிருந்து 'ட்ரைகோனிகஸ்' என்று ஒன்றை 1978இல் விவரித்திருக்கிறார்கள். பிடித்த இடம் தெரியாத பாம்புக்கு அதை எழுதாதீர்கள். இனத்தோடு நிறுத்துவது குறையில்லை.

8. பெரியவர்களிடம் காட்டுவது

இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் சென்னை சாந்தோமில் இருக்கிறது. ஜாடியைத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம், கூரியரில் அனுப்பவும் வேண்டாம். முதலில் துறைத்தலைவரின் கடிதத்தோடு படங்களை மின்னஞ்சலில் அனுப்பிக் கேளுங்கள். கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்ப வேண்டிய படங்கள்: முழு உடல் மேலும் கீழும், உச்சந்தலை, முகத்தின் இரு பக்கம், கழுத்து, நடுவுடல், மலவாய், வாலின் அடிப்பக்கம், வால் நுனி. எல்லாவற்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும். நான் முதலில் ஒருவருக்கு அனுப்பிய நான்கு படத்தில் ஒன்றிலும் வாலின் அடிப்பக்கம் இல்லை. அதற்காகவே மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. நேரில் வரச் சொன்னால் காட்பாடியிலிருந்து காலை ரயில், முன்பதிவில்லாப் பெட்டியில் நூறு ரூபாய்க்குள் முடியும்.

பதில் வர ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம், எண்ணுவது, பதில், லேபிள் எல்லாம் சேர்த்தால் இரண்டரை மாதம். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

டிஎன்ஏ எடுத்தால் தெரிந்துவிடுமே என்று நண்பர்கள் சொல்வார்கள். ஃபார்மலினில் பல காலம் கிடந்த தசையிலிருந்து டிஎன்ஏ எடுப்பது மிகக் கடினம். அந்தச் செலவில் இறங்காதீர்கள்.

9. லேபிள் மாற்றிய பிறகு

புது லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரையும். பெயர், ஊர், ரெஜிஸ்டர் எண், அடையாளம் கண்டவர், தேதி. பழைய லேபிளையும் ஜாடிக்கு உள்ளேயே போடுங்கள். ரெஜிஸ்டரில் பழைய வரியை அடிக்காமல் பக்கத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இப்போது துறையில் கண்ணாடி விரியன் ஜாடி இல்லாமல் போய்விடும். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பதை எடுத்து வந்து போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செத்த பாம்புக்கும் பொருந்தும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். எங்கள் துறை விண்ணப்பித்திருக்கிறது. அது வரும் வரை, அந்த இடத்தில் கண்ணாடி விரியனின் பெரிய கலர்ப் படம் ஒன்றை லேமினேட் செய்து வைத்திருக்கிறோம். மூன்று வரிசை வட்டமும் பெரிய நாசியும் தெளிவாகத் தெரிகிற படம். பிரிண்டுக்கும் லேமினேஷனுக்கும் 90 ரூபாய் ஆனது.